காலை நிகழ்ச்சியை முந்தின நாளே பதிவு செய்து கணினியிடம் விட்டுவிடலாமா?

மூலத்தறை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில், தமிழ்நாட்டுக்குள் நுழையும் சாலையோரம் இயங்கும் ஒரு சிறிய சமுதாய வானொலியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். காலை 6 மணி முதல் 8 மணி வரை தமிழ் நிகழ்ச்சி, அதன் பிறகு மலையாளம். என் குரல் ஒருநாளும் காற்றில் போனதில்லை. பேசுகிறவருக்கு எதிரே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டை விடுவதும், தொலைபேசியை எடுப்பதும், கடிகாரத்தைப் பார்த்து விரல்களால் நேரம் காட்டுவதும்தான் என் வேலை. இப்போது எங்கள் நிர்வாகம், காலை நிகழ்ச்சி முழுவதையும் முந்தின நாள் மாலை நான்கு மணிக்கே பதிவு செய்து தானியங்கி மென்பொருளில் அடுக்கி வைத்துவிட்டால், விடியற்காலையில் யாருமே வரவேண்டியதில்லை என்று சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் பழக்கத்தை விட மனமில்லாதவன் என்று என்னை ஒதுக்கிவிடாதபடி காரணங்களை ஒழுங்காக எடுத்துவைக்க விரும்புகிறேன். அதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காலை நிகழ்ச்சியில் பாதி முந்தின நாள் மாலையிலேயே முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். பாட்டுப் பட்டியல் போட்டபின் ஒவ்வொரு பாட்டின் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் காதில் போட்டுப் பார்த்துவிடுவேன். நடுவில் நன்றாக ஓடிவிட்டு முடிவில் சரணத்தோடு அறுந்துபோகும் கோப்புகள் எங்கள் சேமிப்பில் நிறைய இருக்கின்றன. வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கும் பாசன அலுவலகத்துக்கும் பால் சங்கத்துக்கும் ஃபோன் செய்து மறுநாளைய அறிவிப்புகளைக் கேட்டு எழுதுவேன். ஓர் அறிவிப்பு ஒரே தாளில் அடங்கிவிட வேண்டும், ஏனென்றால் தாளைப் புரட்டினால் அந்தச் சத்தத்தை மைக் வாங்கிக்கொள்ளும். நடுவில் தெருப்பெயர் வந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எங்கள் ஊர்த் தமிழர் வாயில் வழங்கும் சொல்லையே எழுத வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலை என்பார்கள், இந்தப் பக்கம் அதற்குத் தொழிலுறப்பு என்றால்தான் கிழவிக்கும் புரியும்.

மறு பாதி காலையில் நடக்கிறது. நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கைப் பார்ப்பேன், பிறகு அலைபரப்பியின் மீட்டர். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்கிற நாட்களில் தென்னை மட்டை மின்கம்பியில் விழுவது எங்களுக்கு வாடிக்கை. ஆறு மணிக்கு முகப்பிசை போனதும் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எடுத்தவுடன் நான் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்பது ஆண்டாக ஒன்றுதான்: "ரேடியோ சத்தத்தக் கொறச்சு வச்சுட்டுப் பேசுங்க." அவர் வீட்டு வானொலியின் சத்தம் அவருடைய ஃபோன் வழியாக மறுபடி எங்களிடம் வந்தால் ஊளையிடும். பெயர், ஊர், என்ன பாட்டு, யாருக்காக என்று நீளவாக்கு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன். அழைத்தவருடைய குரல் எப்படி இருக்கிறது, சிரித்துப் பேசுவாரா, அழுதுவிடுவாரா என்பதையும் அந்த அரை நிமிடத்திலேயே கணித்து, ஒரு சைகையால் அறிவிப்பாளருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைச் சோதனையாகச் சனிக்கிழமை மாலையே பதிவு செய்தோம். எண்பது வயது நிறையும் ஓர் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லும்படி அவருடைய பேரன் கேட்டிருந்தார். அதையும் சேர்த்தோம். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அந்த அம்மா தவறிவிட்டார். மறுநாள் காலை 7.10க்கு, உடலைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டு வானொலியில், நூறாண்டு வாழ வேண்டும் என்று எங்கள் அறிவிப்பாளர் சிரித்தபடி வாழ்த்தினார். தொடர்ந்து நாதஸ்வரத்தோடு தொடங்கும் கல்யாணப் பாட்டு ஒன்றும் ஒலித்தது. அடுத்த வீட்டுக்காரர் தன் வானொலியை உடனே அணைத்துவிட்டு, மற்ற வீடுகளில் ஒலிப்பதை நிறுத்துவதற்காக எங்கள் நிலையத்தை அழைத்திருக்கிறார். எடுப்பதற்கு ஆளில்லை. திங்கட்கிழமை அழைப்புப் பட்டியலைப் பார்த்தபோது ஒரே எண்ணிலிருந்து 7.11, 7.11, 7.12, 7.12, 7.13 என்று ஐந்து வரிகள் இருந்தன. அந்த வீட்டுக்குப் போய்ப் பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "நீங்க அங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சோம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியத்தை நிர்வாகக் கூட்டத்தில் எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசை எழுதியது:

ஐயா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கோயம்புத்தூரில் ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் வருகிறவன். உங்கள் சம்பவத்தில் தவறு செய்தது பதிவு அன்று, ஆளில்லாத தொலைபேசி. அந்த அழைப்பை நிலையப் பொறுப்பாளரின் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டிருந்தால், அவர் வீட்டிலிருந்தே கணினிக்குள் நுழைந்து பாட்டை நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

நேரம் சொல்வதற்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரக் கடிகாரத்தில் 720 நிமிடங்கள். உங்கள் அறிவிப்பாளரின் குரலில் 720 சிறு கோப்புகளைப் பதிவு செய்துவிட்டால், மென்பொருள் அந்தந்த நிமிடத்துக்கு உரியதைத் தானே எடுத்துப் போட்டுவிடும். இருபது விநாடிக்கு மேல் ஒலி நின்றால் உங்கள் கைப்பேசியை அழைக்கும் கருவியும் கிடைக்கிறது. ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சமுதாய வானொலி விதியில் இருக்கிறதல்லவா, அந்தப் பதிவைக்கூடக் கணினிதான் மறக்காமல் செய்கிறது.

மனிதர் இருந்தால் மட்டும் தவறு நேராது என்றும் சொல்வதற்கில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் தொடர்ந்து பதினாறு நாள் விடியற்காலை வேலைக்கு வந்த ஒருவர், பாட்டை விட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். பதினொரு நிமிடம் காற்றில் ஒன்றுமே இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றுக்கு ஆள் போடாமல் அப்படி வேலை வாங்கியவர்களைத்தான் சொல்வேன்.

எருத்தேம்பதித் தோப்பு எழுதியது:

நான் கேட்கிறவன். இந்த வேலையின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் மாட்டுக் கொட்டகைத் தூணில் ஓர் ஆணியில் வானொலி தொங்குகிறது. கையெல்லாம் பாலும் தவிட்டுத் தண்ணீருமாக இருக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பை எடுத்துப் பார்க்க முடியாது. நிகழ்ச்சியில் திருக்குறள் சொல்லி முடிக்கும்போது இரண்டாவது மாடு கறந்து முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் வண்டியைப் பிடிக்க முடியாது. எனக்கு மணி பார்க்கும் வழக்கமே போய்விட்டது.

பாட்டு எந்த நாளில் பதிவு செய்ததாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. தண்ணீர் அறிவிப்பு அப்படியன்று. 1970ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் எங்களுக்கு வர வேண்டும். அது வருவதும் குறைவதும் முறை மாறுவதும் எங்களுக்கு இரவோடு இரவாகத் தெரிந்தாக வேண்டும், அதிலும் கடைமடைக்காரனுக்கு ஒரு முறை தப்பினால் அடுத்த முறை வரைக்கும் வயல் காய வேண்டியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை 6.20க்கு, கால்வாய் மதகு பழுதானதால் இன்றைய முறை நாளைக்குத் தள்ளிப்போகிறது என்று உங்கள் வானொலியில் கேட்டு, வரச்சொல்லியிருந்த நான்கு ஆட்களுக்கும் வேண்டாம் என்று சொன்னேன். நான்கு கூலி மிச்சம். அந்த மதகு எத்தனை மணிக்குப் பழுதாயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூலத்தறை எழுதியது:

அண்ணா, அந்த நாள் நினைவிருக்கிறது. அதிகாலை 4.50க்குப் பாசன அலுவலகத்தில் இரவுக் காவலில் இருந்தவர் என்னை அழைத்தார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அவர் ஏன் என்னை அழைத்தார் என்றால், அந்த நேரத்தில் நான் விழித்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். நான் இல்லையென்றால் அந்த அழைப்பே வந்திருக்காது.

நாஞ்சில் ஓய்வாளர் எழுதியது:

அகில இந்திய வானொலியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போது களியக்காவிளைக்கு அருகே, காலையில் ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் மலையாளமும் கேட்கும் ஊரில் இருக்கிறேன். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் எங்கள் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது என்பதால், உள்ளூர் ஒலிபரப்பு என்றால் என்ன என்ற கேள்வியை நாங்கள் அன்றாடம் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவர்கள்.

பதிவு செய்வதைப் பகையாக நினைக்க வேண்டாம் என்று முதலில் மூலத்தறைத் தம்பிக்குச் சொல்லிக்கொள்கிறேன். வானொலியில் நாங்கள் ஒலிபரப்பிய பேச்சுகளில் பெரும்பாலானவை பதிவு செய்யப்பட்டவையே. கால் அங்குல நாடாவில், விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் பதிவு செய்து, பேச்சாளர் இருமிய இடத்தையும் தடுமாறிய இடத்தையும் சவர பிளேடால் வெட்டி ஒட்டுவோம். நேர்க்குத்தாக வெட்டினால் ஒட்டிய இடம் டக்கென்று கேட்கும், ஆகையால் நாற்பத்தைந்து டிகிரி சாய்வாக வெட்ட வேண்டும். மூச்சை மட்டும் வெட்டக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். மூச்சை எடுத்துவிட்டால் பேசுகிறவரோடு சேர்ந்து கேட்கிறவருக்கும் மூச்சு முட்டும். இப்போது கணினியில் மௌனங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் நீக்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுகளைக் கேட்கும்போது எனக்கு அவருடைய சொல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் பதிவு செய்த எல்லாவற்றுக்கும் மேலே, பணி அறையில் ஓர் ஆள் விழித்திருந்தார். அதுதான் விஷயம். ஒவ்வொரு நிகழ்ச்சியும் எத்தனை மணி, நிமிடம், விநாடிக்குத் தொடங்கி முடிய வேண்டும் என்பதும் எந்த நாடா, எந்த இசைத்தட்டு என்பதும் க்யூ ஷீட்டில் முந்தின நாளே எழுதப்பட்டிருக்கும். வால்டர் காஃப்மன் அமைத்த அந்த ஆகாசவாணி முகப்பிசையில் தொடங்கி, வந்தே மாதரம், மங்கள இசை என்று வரிசை மாறாது. அந்த வரிசையைக் காலையில் கையில் வாங்கியவர், ஒலித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்நாளில் 7.15க்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். சரோஜ் நாராயணசுவாமி அவர்கள் "ஆகாசவாணி" என்று தொடங்குவதற்குள் நம் பக்கத்தை முடித்துக்கொடுத்துவிட வேண்டும். பாட்டு நான்கு விநாடி நீண்டால் அந்த நான்கு விநாடிக்காக ஒரு நல்ல சரணத்தின் மேல், ஒலியைக் குறைக்கும் ஃபேடரை இறக்குவதைப்போல மனம் வலிக்கும் வேலை வேறு இல்லை. டில்லி இணைப்பு அறுந்துபோனால், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போடுவதற்காக வீணை இசைத்தட்டு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்கும். நடந்த தடங்கல் எத்தனை விநாடி என்பது பதிவேட்டில் ஏறும்.

1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் விடியற்காலை நான் பணியில் இருந்தேன். முந்தின நாள் தயாரான க்யூ ஷீட் மேசைமேல் இருந்தது. திரைப்பாடல்கள், ஒரு நகைச்சுவைச் சித்திரம், விளம்பர மெட்டுகள். சிவப்பு மையால் அவ்வளவையும் குறுக்கே அடித்துவிட்டு, நூலகத்திலிருந்து வயலினும் வீணையும் புல்லாங்குழலுமாக இசைத்தட்டுகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தோம். ஓடி வந்ததில் என் சக ஊழியர் ஒருவர் மாடிப்படியில் தடுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம் வழிய, தட்டுகளை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் உடையவில்லை. நாட்டுக்கே தலைவரானாலும் ஒரு வீட்டுக்குப் பாட்டியானாலும், இரவில் ஒரு சாவு நடந்தால் காலைப் பட்டியல் செல்லாது. தம்பி தன் கூட்டத்தில் இதைச் சொல்லலாம்.

கொல்லங்கோட்டுத் தென்றல் எழுதியது:

நான் வேறொரு நிலையத்தில் மூன்றாண்டு காலை நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்துவிட்டு விலகியவள். இங்கே எழுதியவர்கள் எல்லாரும் கேட்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரைப் பற்றியும் பேச வேண்டும்.

பனிக்காலத்தில் நெல்வயலுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் ஸ்கூட்டர் விளக்கு பத்தடிக்கு மேல் எட்டாது. நாய்களுக்காக மடியில் ஒரு குச்சி வைத்திருப்பேன். என் அம்மாவிடம் கைப்பேசி கிடையாது. நான் கிளம்பியதிலிருந்து அவர் வாசற்படியில் வானொலியைத் திருகி வைத்துக்கொண்டு, வெறும் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். ஆறு மணிக்கு எங்கள் முகப்பிசை வந்தால் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எழுந்துபோய் அடுப்புப் பற்றவைப்பார். நிகழ்ச்சியில் என் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த இசைத் தொடக்கம் அவருக்கு நான் பேசியதாகவே இருந்தது. ஒரு நாள் கணினி தகராறு செய்து நான்கு நிமிடம் தாமதமாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனை சைக்கிளில் அனுப்பிவிட்டார்.

மூன்றாம் ஆண்டு எனக்கு இரத்த அழுத்தம் வந்தது. மாலை ஏழு மணிக்கே தூங்கினால்தான் ஆகும் என்பதால் கல்யாணம், திருவிழா எதற்கும் போக முடியவில்லை. போக்குவரத்துக்கு வண்டி கேட்டேன், தரவில்லை. விலகிவிட்டேன். ஆகவே அலைவரிசை அவர்கள் சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஆளை வருடக்கணக்கில் விடியலுக்குக் கொடுத்துவிட்டு, அதைத் தியாகம் என்று பாராட்டுவது நியாயமாகாது.

ஆனாலும் ஆளே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கும் காரணம் அந்தச் சாலைதான். கேரளத்தில் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதற்கு முந்திய காலத்தில் ஒரு முறை, நள்ளிரவு கடந்து அறிவித்த ஹர்த்தால் எனக்குத் தெரியவே தெரியாது. நாலரை மணிக்கு நான் போகும்போது சந்திப்பில் கல்லும் மரக்கிளையும் போட்டிருந்தார்கள். நிலையத்துக்குப் போனதும் எல்லைச் சாவடிப் பக்கத்து டீக்கடைக்கு ஃபோன் செய்து, பொள்ளாச்சிப் பேருந்துகள் கோபாலபுரத்திலேயே திரும்புகின்றன என்று உறுதி செய்துகொண்டோம். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது, ஆகாசவாணிச் செய்தியைத்தான் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, மின்சாரம், குடிநீர் போன்றவை பற்றிய தகவல்கள் செய்திக் கணக்கில் சேராது. ஆகவே பேருந்து ஏன் ஓடவில்லை என்பதை விட்டுவிட்டு, ஓடவில்லை என்பதை மட்டும் 6.05க்குச் சொன்னோம். அன்று பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர், அதைக் கேட்டு முன்கூட்டியே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துகொண்டதாகப் பிற்பாடு நேரில் வந்து சொன்னார்.

நகரி நெசவு எழுதியது:

ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் ஊரில் விசைத்தறி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தறியைப் போடுவதற்கு முந்திய அரை மணி நேரம்தான் எங்களுக்கு வானொலி நேரம். சென்னைத் தமிழும் திருப்பதித் தெலுங்கும் மாறி மாறிக் கேட்போம். மின்தடை எப்போது என்ற ஓர் அறிவிப்புத்தான் எங்களுக்கு முக்கியம். அதை முந்தின நாள் சொன்னதோடு விட்டுவிட்டால் பாவு பாதியில் நிற்கும்.

சொல் வழக்கைப் பற்றி மூலத்தறை எழுதியதும் சரிதான். எங்களுக்கு அந்த நூறு நாள் வேலைத் திட்டம் உபாதி ஹாமி, கிராம அலுவலகம் சச்சிவாலயம். சென்னையில் எழுதி அனுப்பும் அறிவிப்பில் இந்தச் சொற்கள் வருவதில்லை. எல்லையோரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்குத்தான் இந்த அருமை தெரியும்.

பெரட்டுக்களம் எழுதியது:

மூணாறு மலையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தேயிலைத் தோட்டத்தில் காலையில் சங்கு ஊதிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போவதற்கு முன்னால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் தேவிகுளம் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யாததால் வெளியுலகுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது. என் உறவினர்கள் அதில் இருந்தார்கள், அதனால் அதிகம் எழுத முடியவில்லை. மழைக்காலத்தில் மட்டுமாவது விடியற்காலையில் ஆள் இருக்க வேண்டும் என்று உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

அலைவரிசை எழுதியது:

பெரட்டுக்களம் அவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

எல்லாவற்றையும் படித்தபின் என் நிலையைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். தொலைபேசியைத் திருப்பிவிட்டால் போதும் என்று எழுதினேன். பாசனக் காவலர் 4.50க்கு அழைத்த கதையைப் படித்தபோது ஒன்று புரிந்தது. வருகிற அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பக் கருவி உண்டு, ஆனால் இந்த நேரத்தில் அங்கே ஒருவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கையில் ஒருவர் அழைப்பதற்குக் கருவி இல்லை. ஆயினும் சகோதரி எழுதிய இரத்த அழுத்தத்துக்குப் பதில் சொல்லாமல் எந்த ஏற்பாடும் நிலைக்காது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் யோசனை இது. முதல் நாற்பது நிமிடம் பக்திப் பாடலும் திருக்குறளும்தானே போகின்றன. அதைப் பதிவாக வைத்துவிடுங்கள். 6.40 முதல் நேரடியாகச் செய்யுங்கள். அப்படியானால் ஆள் ஆறு மணிக்கு வந்தால் போதும், வெளிச்சமும் வந்துவிடும். மூன்று பேருக்கு முறை வையுங்கள். பதிவு ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒலி நின்றால் அழைக்கும் கருவி பாதுகாப்பாக இருக்கட்டும்.

எருத்தேம்பதித் தோப்பு எழுதியது:

6.40க்கு நான் பால் வண்டியில் இருப்பேன். தண்ணீர் அறிவிப்பு 6.20க்கு வர வேண்டும்.

நாஞ்சில் ஓய்வாளர் எழுதியது:

தோப்புக்காரர் சொல்வதை நிர்வாகம் கேட்க வேண்டும். எங்கள் காலத்தில் பண்ணைச் செய்திகளுக்கு நேரம் குறிக்கும்போது கிராமத்தில் எத்தனை மணிக்கு ஏர் பூட்டுகிறார்கள், எத்தனை மணிக்குக் கறக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைத்திருந்தோம். இசை நிகழ்ச்சிக்கு நேரம் மாறலாம், கறவைக்கு மாறாது.

மூலத்தறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சென்ற வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன், கையெழுத்தில் அல்லாமல் அச்சில் இருந்ததாலோ என்னவோ முழுவதையும் படித்தார்கள். பேரன் சொன்ன வாக்கியத்தை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை, எங்கள் அறிவிப்பாளரே படித்தார். அந்த வாழ்த்தைச் சொன்னவர் அவர்தான். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

முடிவானது இவ்வளவு. 6 மணி முதல் 6.15 வரை பதிவு. 6.15 முதல் 8 வரை நேரடி. தண்ணீர், பேருந்து, மின்சாரம் ஆகிய மூன்றும் 6.20க்கு. பிறந்தநாள் வாழ்த்துகள் எதுவும் பதிவில் போகக்கூடாது, நேரடியிலும் அன்று காலை அந்த வீட்டுக்கு ஒரு முறை ஃபோன் செய்து கேட்டபிறகே போக வேண்டும். நோட்டில் ஐந்தாவது கட்டம் போட்டுவிட்டேன், "விசாரித்தது" என்று தலைப்பு. மூன்று பேர் வாரமுறை வைத்துக்கொள்கிறோம், மூவரில் ஒருவர் பெண். அவருக்கு வண்டி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் இன்னும் தரவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பேன். ஜூன் முதல் நவம்பர் வரை, மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் நாலரை மணிக்கே ஆள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று திங்கட்கிழமை, புதிய முறையில் முதல் நாள். 5.45க்கு ஐந்தாவது கட்டத்துக்காக மூன்று வீடுகளுக்கு ஃபோன் செய்தேன். முதல் இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் எடுத்த அம்மா, குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல், இன்றைக்குப் பாட்டு வேண்டாம், நாளைக்குப் போடுங்கள் என்றார். கட்டத்தில் எழுதிவிட்டு அந்தப் பாட்டை நாளைப் பட்டியலுக்கு மாற்றினேன்.

அலைவரிசை அவர்களே, ஒலி நின்றால் அழைக்கும் அந்தக் கருவிக்கு இருபது விநாடி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் திருக்குறள் பகுதியில் குறளுக்கும் உரைக்கும் இடையே தம்புரா மட்டும் மிக மெல்ல ஒலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை நிசப்தம் என்று கருவி எண்ணிவிடுமா? எந்த அளவுக்கு வைத்தால் சரியாக இருக்கும்?

அலைவரிசை எழுதியது:

நேரத்தைக் கூட்டாதீர்கள், ஒலி அளவின் வரம்பைக் குறையுங்கள். தம்புரா ஒலிக்கும்போது மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, அதைவிட ஆறு டெசிபல் கீழே வைத்துவிடுங்கள். புதன்கிழமை வேலந்தாவளம் வரை வர வேண்டிய வேலை இருக்கிறது. ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுகிறேன், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வைத்துவிடலாம்.